பரணில் கிடக்கும் பேசிவ் ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரில் பாட வைக்க: குறைந்த செலவில் முழு வழிகாட்டி

பழைய மியூசிக் சிஸ்டம் பழுதாகிவிடும். உள்ளே சிடி சுழலாது, டேப் ஓடாது, டிஸ்பிளே எரியாது. ஆனால் அதோடு வந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மேசையில் வைக்கிற சின்ன பிளாஸ்டிக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைவிட அவற்றின் பெட்டி பெரிது, அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன் பெரிது, காந்தமும் கனமானது. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது பெரிய இழப்பு. அவை உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத பேசிவ் ஸ்பீக்கர்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் பாட வைக்க, நடுவில் சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் போர்டும் ஒரு அடாப்டரும் இருந்தால் போதும்.

செலவைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடலாம். இந்த வேலையில் ஆம்ப்ளிஃபையர் சிப்தான் மிக மலிவான பொருள். கெட்டுப்போகிற இடங்கள் பவர் சப்ளையும் வயர் இணைப்புகளும். காசையும் கவனத்தையும் அங்கே வையுங்கள்.

நேரடியாகச் செருகினால் என்ன?

கம்ப்யூட்டரின் பச்சை நிற ஆடியோ சாக்கெட் ஏறக்குறைய 1 வோல்ட் சிக்னல் தரும். அது ஹெட்ஃபோனுக்காகவோ இன்னொரு ஆம்ப்ளிஃபையருக்காகவோ செய்யப்பட்டது. ஹெட்ஃபோனின் மின்தடை குறைந்தது 16 அல்லது 32 ஓம் இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு ஆயிரக்கணக்கான ஓம். அந்த இடத்தில் 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது கேட்கும் கரண்டை சவுண்ட் சிப்பால் கொடுக்க முடியாது. கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம் வரும், பேஸ் (கனத்த கீழ் ஒலி) வரவே வராது. பல மதர்போர்டுகளில் சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு கப்பாசிட்டர் (மின்தேக்கி) இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட் என்றால், 8 ஓம் ஸ்பீக்கரோடு சேரும்போது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி தேயத் தொடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போவது அதனால்தான். சிப்புக்கும் நல்லதல்ல.

முதல் வேலை: ஸ்பீக்கரைச் சோதித்தல்

பெட்டியின் பின்னால் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் மட்டும் இருந்து, கரண்ட் வயரோ வால்யூம் குமிழோ இல்லையென்றால் அது பேசிவ் ஸ்பீக்கர். ஹோம் தியேட்டர் செட்டில் வந்தவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய பிளாஸ்டிக் பிளக் இருக்கும். அதை வெட்டி வயரின் நுனியைச் சீவிக்கொள்ளலாம். கோடு போட்ட வயர் எந்த முனை என்பதைக் கீழே சொல்லும் பேட்டரி சோதனை காட்டிவிடும்.

மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். மீட்டர் காட்டுவது டிசி தடை. அது பெயரளவு ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 3.2 முதல் 3.6 வரை காட்டினால் 4 ஓம் ஸ்பீக்கர், 5 அளவில் காட்டினால் 6 ஓம், 5.5 முதல் 7 வரை என்றால் 8 ஓம். எண்ணே வராவிட்டால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே வயர் விட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து பாருங்கள். பல நேரம் வயர்தான் விட்டிருக்கும்.

அடுத்து 1.5 வோல்ட் பென்டார்ச் செல் ஒன்று. ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் இதைச் செய்து, பிளஸ் முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இணைந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துவிடும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். பலர் இதைக் கண்டுபிடிக்காமல் ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்வார்கள்.

கடைசியாகக் கோனைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ரப்பர் என்றால் நீண்ட நாள் தாங்கும். பஞ்சு போன்ற ஃபோம் என்றால் பல வருடம் கிடந்ததில் பொடிந்திருக்கலாம். விரல் பட்டாலே உதிரும். அப்படிப்பட்டதில் சத்தம் வைத்தால் காயில் உரசிக் கரகரக்கும். விளிம்பை மட்டும் மாற்றித் தரும் ஸ்பீக்கர் ரிப்பேர் கடைகள் உண்டு. கோனை விரல்களால் சமமாக அழுத்தும்போதே உரசல் கேட்டால், அந்த ஸ்பீக்கருக்காக மேலும் செலவழிக்க வேண்டாம்.

எத்தனை வாட் வேண்டும்?

போர்டின் மேல் அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். இன்று டிஜிட்டல் என்று சொல்லி விற்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டுகள் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் சிப்பே ஓட்டும் முறையில் வேலை செய்பவை. அவற்றுக்கு நீங்களே கணக்குப் போடலாம்: சப்ளை வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுங்கள். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க, 9 வாட். அதே 12 வோல்ட்டில் 4 ஓம் என்றால் 18 வாட். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 8 ஓமுக்கு 22 வாட் அளவில் வரும். 5 வோல்ட்டில் 4 ஓமுக்கு 3 வாட்டைத்தான் தொடும். இது ஒரு பக்கத்துக்கான உச்சக் கணக்கு. சிப்பின் உள்ளேயே கொஞ்சம் வீணாவதால் சுத்தமாகக் கேட்கக்கூடியது இதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 12 வோல்ட் அடாப்டரோடு விற்கும் போர்டில் 100 வாட் என்று எழுதியிருந்தால் அந்த எண் வெறும் அச்சு.

மேசைக்கு 9 வாட் போதுமா? தாராளமாகப் போதும். பெட்டி ஸ்பீக்கர்கள் பல, 1 வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்கு மேல் தருபவை. அதுவே பேச்சுக் குரலைவிட மிகச் சத்தம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் சிறியது. செலவில் தெரியும் வித்தியாசம் பெரியது.

எந்த போர்டு?

கடையில் சிப்பின் எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பொருள் கிடைக்கும். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்த எண்களைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் ஆன்லைனில் வாங்கலாம்.

பிஏஎம் 8403: விரல் நகம் அளவுள்ள போர்டு, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 5 வோல்ட் போதும். 4 ஓமில் ஒரு பக்கத்துக்கு 3 வாட் வரை. பழைய டிவியிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கர்களுக்கும், அறையில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கும் பொருந்தும். 5.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 9 வோல்ட் அடாப்டரை மாட்டினால் அந்தக் கணமே போய்விடும்.

டிடிஏ 7297: டிஜிட்டல் அல்லாத, ஏபி எனப்படும் பழைய வகை ஆம்ப்ளிஃபையர் சிப். 6 முதல் 18 வோல்ட் வரை. சூடாகும், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) கட்டாயம். ஆனால் டிஜிட்டல் சிப்புகளைப் போல ரேடியோவில் இரைச்சல் கிளப்பாது. 12 வோல்ட், 8 ஓம் சேர்க்கைக்கு நல்லது. லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட்டை இதற்குக் கொடுக்கவே கூடாது.

டிபிஏ 3110: 8 முதல் 26 வோல்ட். கடையில் 30 + 30 வாட் என்று சொல்லி விற்பது. மியூசிக் சிஸ்டம் பெட்டிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மலிவு, சூடு குறைவு, 12 வோல்ட்டிலும் 19 வோல்ட்டிலும் ஓடும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிபிஏ 3116: பெரிய ஹீட் சிங்க்கோடு வரும், 50 + 50 வாட் என்பார்கள். அந்த வாட் 21 வோல்ட்டும் 4 ஓமும் சேர்ந்தால்தான். ஹாலில் வைத்துக் கேட்க விரும்புபவர்களுக்கும் 4 ஓம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது.

வீட்டில் ஏற்கெனவே லோக்கல் மெக்கானிக் கட்டித் தந்த 4440 ஐசி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். எல்ஏ 4440 ஸ்டீரியோவாக 4 ஓமில் ஒரு பக்கத்துக்கு 6 வாட் அளவில் தரும். வெளியிலிருந்து பாட்டு கொடுப்பதற்கான அதன் ஆக்ஸ் உள்ளீட்டில் கம்ப்யூட்டர் வயரைச் செருகினால் வேலை முடிந்தது.

பவர் சப்ளை

12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் 24 வாட். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தாராளம். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் அடாப்டர்கள் பல 1 ஆம்பியர்தான். மெதுவாகக் கேட்டால் ஓடும், வால்யூம் ஏற்றினால் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு விட்டுவிட்டு வரும். அது போர்டின் பழுது அல்ல, அடாப்டர் மூச்சு வாங்குகிறது.

பழைய லேப்டாப்பின் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டர் வீட்டில் இருந்தால் டிபிஏ போர்டுகளுக்கு அதைவிட நல்லது மலிவில் கிடைக்காது. நுனியை வெட்டும் முன் மீட்டரால் பிளஸ் எது, மைனஸ் எது என்று உறுதி செய்யுங்கள். போர்டில் உள்ள பெரிய கப்பாசிட்டரில் 25 வோல்ட் அல்லது அதற்கு மேல் எழுதியிருக்க வேண்டும். 16 வோல்ட் என்றிருந்தால் அந்த போர்டுக்கு 12 வோல்ட்தான். யுஎஸ்பி டைப்-சி லேப்டாப் சார்ஜர் இதற்கு நேராக உதவாது. எதிர்முனையில் பேசும் சிப் இல்லாவிட்டால் அது 5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது.

எல்இடி பட்டைகளுக்கு விற்கும் தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ் (ஒரு வகை பவர் சப்ளை) மலிவுதான். ஆனால் அதில் 230 வோல்ட் ஸ்குரூக்கள் வெளியே தெரியும்படி இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம், மூடிய அடாப்டரே வாங்குங்கள். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே மஞ்சள் வயரில் 12 வோல்ட் எடுக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கம்ப்யூட்டரின் இரைச்சல் அனைத்தும் ஸ்பீக்கரில் கேட்கும், வயர் ஒன்று உரசினால் மொத்தக் கம்ப்யூட்டரும் அணையும்.

இணைக்கும் வரிசை

ஸ்பீக்கருக்கு 0.75 அல்லது 1 சதுர மி.மீ. தாமிர இரட்டை வயர் போதும். 1 சதுர மி.மீ. வயரில் 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்தத் தடை 0.11 ஓம் அளவுதான், காதுக்குத் தெரியாது. விலை உயர்ந்த ஆடியோ வயரில் காசைப் போட வேண்டாம்.

1. எல்லா மின் இணைப்பையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் வயர் நுனியை 8 மி.மீ. சீவி, இழைகளை முறுக்கி, மெல்லிய ஈயம் பூசுங்கள். ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் சிப் போய்விடலாம். போர்டு சாகும் காரணங்களில் இதுவே முதன்மை.

2. இடது ஸ்பீக்கரை இடது பிளஸ், மைனஸ் முனைகளிலும், வலதை வலது முனைகளிலும் மாட்டுங்கள். பிரிட்ஜ் போர்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த்தோ கிரவுண்டோ அல்ல. அங்கேயும் சப்ளையின் பாதி வோல்ட் நிற்கும். இரண்டு பக்க மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் கொண்டுபோகும் பழைய பழக்கம் இங்கே கூடாது. சப்ளை மைனஸோடும் அதைச் சேர்க்கக் கூடாது. ஒரே முனையில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

3. ஆடியோ வயரை அடுத்துப் பாருங்கள். 3.5 மி.மீ. பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். மைக் உள்ள இயர்ஃபோனின் வயரை வெட்டிப் பயன்படுத்தினால் நான்கு பகுதி இருக்கும், குழப்பம். மூன்று பகுதி உள்ள ஆக்ஸ் கேபிளே நல்லது. உள்ளே சிவப்பு பெரும்பாலும் வலது. ஆனால் நிறத்தை நம்பாமல் மீட்டரின் பஸ்ஸரால் பாருங்கள். இயர்ஃபோன் வயர் இழைகளின் மேல் பளபளப்பான அரக்குப் பூச்சு இருக்கும். நுனியைச் சூடான சால்டரிங் அயர்னில் ஈயத்தோடு தேய்த்தால்தான் பூச்சு எரிந்து ஈயம் ஒட்டும். ஒட்டியது போலத் தெரிந்து பாட்டு வராததற்கு இதுவே காரணம்.

4. சப்ளையின் பிளஸ், மைனஸை இரண்டு முறை சரிபார்த்து மாட்டுங்கள். மலிவு போர்டுகளில் தலைகீழ் மின்னோட்டத்துக்குப் பாதுகாப்பு இருக்காது.

5. ஸ்பீக்கர் வயரைத் தற்காலிகமாகக் கழற்றி, சப்ளை போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு பக்கத்தின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே அளக்கவும். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் போர்டு பழுது. அதில் நல்ல ஸ்பீக்கரை மாட்டினால் காயில் கருகும்.

6. சப்ளையை அணைத்து, ஸ்பீக்கர்களை மாட்டி, போர்டின் வால்யூமைக் குறைத்து வைத்துப் பாட்டு போடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஓம் குறைவு அல்லது வோல்ட் அதிகம்.

தினமும் கம்ப்யூட்டரை முதலில் போட்டு ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையரை முதலில். ‘டொப்’ என்ற அடி அப்போது கோனுக்குப் போகாது.

இரைச்சல் வந்தால்

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இது. சத்தத்தின் வகையைக் கேட்டாலே காரணம் தெரியும்.

‘உம்ம்’ என்ற தொடர் ஹம்: முதலில் ஆடியோ பிளக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவிவிடுங்கள். ஹம் நின்றால் கிரவுண்ட் லூப். மூன்று பின் உள்ள லேப்டாப் அடாப்டர் பலவற்றில் மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பும் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டையும் ஆடியோ வயரின் கிரவுண்ட் மூன்றாவதாக இணைப்பதால் ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு கரண்ட் ஹம்மாகக் கேட்கிறது. இரண்டு பின் அடாப்டருக்கு மாறுங்கள், அல்லது ஆடியோ வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் சேருங்கள். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், விலை சில நூறு. பேஸ் சற்றுக் குறையலாம். எர்த் பின்னை உடைத்துவிடும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உலோகக் கேபினட் உள்ள டெஸ்க்டாப்பில் அது உயிருக்கே ஆபத்து. பிளக்கை உருவிய பிறகும் ஹம் இருந்தால் அடாப்டரின் தரம் மோசம்.

மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை உருட்டும்போது கிரீச் என்ற சத்தம்: பிஏஎம் 8403-ஐக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி-யிலிருந்தே ஓட்டுகிறீர்கள். ஆடியோவும் பவரும் ஒரே கிரவுண்டைப் பகிர்வதால் வருவது. தனி ஃபோன் சார்ஜரில் ஓட்டுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும் என்பதால், சத்தம் கூட்டினால் எப்படியும் திணறும். சார்ஜரில் ஓட்டும்போது போர்டின் சப்ளை முனைகளில் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் பேஸ் அடிகள் உறுதிப்படும்.

‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சீற்றம்: வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்தும் மாறாமல் இருந்தால் அது போர்டின் சொந்தச் சத்தம், ஓரடி தள்ளி உட்கார்ந்தால் கேட்காத அளவு என்றால் விட்டுவிடலாம். குறைத்ததும் மறைந்தால் அது கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. அதற்குக் கம்ப்யூட்டர் வால்யூமை 80 சதவீதத்தில் வைத்து, போர்டின் குமிழால் மட்டும் சத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள். குமிழ் இல்லாத போர்டில், ஒவ்வொரு பக்கத்துக்கும் 4.7 கிலோ ஓமைத் தொடரிலும், அதன் பிறகு 1 கிலோ ஓமைக் கிரவுண்டுக்கும் போட்டால் சிக்னல் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். பிஏஎம் 8403-க்கு இது மிகவும் தேவை. அது பெரும்பாலும் கால் வோல்ட்டிலேயே தன் முழுச் சக்தியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கரகரப்பாகத்தான் வரும்.

கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டியவை

டெஸ்க்டாப்பில் முன் சாக்கெட்டைவிடப் பின்னால் உள்ள பச்சை சாக்கெட் பெரும்பாலும் சுத்தம். முன்னால் வரும் வயர் கேபினட்டுக்குள் நெடுந்தூரம் இரைச்சலுக்கு நடுவே ஓடி வருகிறது. ஆடியோ சாக்கெட்டே கெட்டுப்போயிருந்தால் மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். லினக்ஸில் சத்தமே வராவிட்டால் ஆல்சாமிக்ஸர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுப் புரோகிராமைத் திறந்து, மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

4 அங்குலத்துக்குக் குறைந்த கோன் என்றால், 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுவது அதற்குச் செய்யும் பெரிய உதவி. அந்த ஒலியை அதனால் தரவும் முடியாது, தர முயன்று கோன் வீணாகத் துள்ளும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ், இரண்டும் இலவசப் புரோகிராம்கள். அவற்றில் கீழ் ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 70-இல் வைத்தால் அதே ஸ்பீக்கர் முன்பைவிடச் சத்தமாகவும் தெளிவாகவும் பாடும்.

போர்டை வைக்க எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி கேங் பாக்ஸ் போதும். ஹீட் சிங்க் பக்கம் நான்கைந்து துளை போடுங்கள். டிபிஏ போர்டை ரேடியோ பக்கத்தில் வைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு மந்தமாக, கஞ்சிரா ஜல்லரியும் ஜால்ராவும் இல்லாமல் கேட்டால், பெட்டியைத் திறந்து, உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரின் வயரில் தொடராக இருக்கும் சின்ன கப்பாசிட்டரைப் பாருங்கள். வருடங்கள் போனதில் அது வறண்டிருக்கும். மேலே எழுதியிருக்கும் அதே அளவில் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கப்பாசிட்டர் போடுங்கள். எழுத்து அழிந்திருந்து டுவீட்டர் 8 ஓம் என்றால் 3.3 மைக்ரோஃபாரட் பொருந்தும். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் டுவீட்டருக்குப் போகும். இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று கேட்கும்.